மூடி வைத்த கார்

துபாயிலிருந்து லீவில் வந்த மசூது, மனைவி ஹஃப்சாவோடு குற்றாலத்துக்குக் காரை எடுத்தார். வழியில் மேலகரம் ஊரைத் தாண்டுமுன் பின்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றமும் கர்ரென்ற சத்தமும் கிளம்பின. அருவியில் நிற்க வேண்டியவர் ஒர்க்‌ஷாப்பில் நின்றார்.

மெக்கானிக் விஜய்பாண்டி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். "பின் பிரேக் காலிப்பர் போச்சு அண்ணாச்சி. மாத்தணும்."

"எப்படிலே போவும்? ரெண்டு வருசமா கவர் போட்டு மூடிக் கெடந்த வண்டி! காக்கா கூடத் தொட்டதில்ல."

"நின்ன வண்டின்னா துருப்பிடிக்கும். இது ஓடித் தேஞ்சிருக்கு. பிரேக் பேடு தேஞ்சு இரும்பு வரைக்கும் போயிட்டு."

"எனக்கே பாடம் எடுக்கியா? துபாய்ல நான் பார்க்காத காரா?"

பார்த்தவர்தான். அங்கே கார் ஷோரூமில் பில் போடுகிற வேலை.

"நல்லதைக் கழட்டி ஒளிச்சுட்டு, தேஞ்சதைக் காட்டுதியோ? போலீசைக் கூப்பிடவா?"

அதுவரை சாலையைப் பார்த்துத் திரும்பி நின்ற ஹஃப்சாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பாவம், தம்பிய ஏசாதிய" என்று முன்னால் வந்தாள்.

விஜய்பாண்டியின் முகம் மலர்ந்தது. "அக்கா! உங்க வண்டியா இது? அதான் பார்த்த மாதிரி இருந்துது! நீங்க சொல்லிவச்ச புதுக் காலிப்பர் நேத்தே வந்துட்டு. அதை மாட்டுத வரைக்கும் ஐந்தருவிக்கு சவாரி அடிக்காதியன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டியளா?"

மசூதை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தணித்தான்.

"அது சரிக்கா, இந்த வாய் பேசுத ஆளை எங்கன பிடிச்சிய? புது டிரைவரா?"