முகவரிக் கட்டம்

நிலாப் பயணத்தை அரசு நிறுத்தக் கூடாதென்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினோம். “முதல்ல சோத்துக்கு வழி பாருங்க” என்று எங்கும் விரட்டினார்கள். அரசு கட்டித்தந்த ஒரு காலனியில் மட்டும் வரிசையில் நின்று போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, படிவங்களை அடுக்கும்வரை. காலனிப் பெயரை ஒருவரும் எழுதவில்லை. எல்லா முகவரியிலும் பூவன்தேரி என்றிருந்தது.

“பூவன்தேரி எங்க இருக்குக்கா?”

கடைசியாகக் கையெழுத்துப் போட்ட எஸ்தர், என் டீ-சர்ட்டில் சீறிக்கொண்டிருந்த ராக்கெட்டின் அடிப்புகையில் விரலை வைத்து அழுத்தினாள்.

“இங்கதாம்மா, ராக்கெட் தளத்துக்குள்ள. இந்தப் புகை வார எடம் என் அடுக்களை.”

அவள் கையெழுத்தைத் திரும்பவும் பார்த்தேன்.

“பின்னே... ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“ராக்கெட் விடுத அன்னைக்கு மட்டுந்தான், வேடிக்க பாக்க எங்கள வேலிக்குள்ள விடுதாவ.”