பிரசாதம் அனுப்பவும்

சிறையிலிருந்து வந்த கடிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தது. கையெழுத்து என்னவோ மாசிலாமணியுடையது மாதிரியேதான் இருந்தது. சாமி இல்லை என்று மேடைக்கு மேடை முழங்கி, கல்யாணப் பத்திரிகையில் இதே சுழியைப் போட்டதற்காக மாமனாரோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்த மாசிலாமணி.

"உள்ள போனா மனுஷன் மாறத்தான் செய்வான், அண்ணி," என்றான் கட்சித் தோழன் கதிரொளி.

"அவரா? காய்ச்சல்ல கிடந்தப்பவே திருநீறு பூச வந்த கையைத் தட்டிவிட்டவரு."

மாசிலாமணியின் மனைவி குமுதவல்லிக்கு மனசு ஆறவில்லை. நேரில் பார்க்க மனுப் போட்டால் 'பிறகு வாருங்கள்' என்றே திருப்பி அனுப்பினார்கள். அதனால் ஒரு பொய்யை எழுதிப் போட்டாள்: நீங்கள் விடுதலையாக வேண்டி முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டேன். வீடே அதிர்கிற மாதிரி ஒரு திட்டு வந்தாக வேண்டும். அந்தத் திட்டுக்காகத் தபால்காரரை வழி மேல் விழி வைத்துப் பார்த்திருந்தாள்.

பதில் வந்தது. 'மிக்க மகிழ்ச்சி. பிரசாதம் அனுப்பவும்.'

அவள் ஒரு இன்லேண்ட் கடிதத்தை எடுத்து வைத்து எழுதினாள். 'ஐயா, நீங்கள் யார் என்று கேட்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் சொல்லுங்கள்.'

மடித்து ஒட்டிய பிறகு, பெறுநர் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.