சேற்றுக்குள் மூன்று வெள்ளைக் கோடுகள்

கடலோரத்தில் ஒரு மணல்மேடு இருந்தது. அதற்குப் பின்னால் உப்பங்கழிச் சேறு கிடந்தது. மாலையானால் ஜனங்கள் மேட்டில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். சேற்றைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மேட்டுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒருநாள் காலையில் ஆராய்ச்சிக்காரர்கள் இருவர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், நீளக் குழாயோடு வந்தார்கள். மேட்டைத் தாண்டிப் போய்ச் சேற்றில் குழாயை இறக்கினார்கள். குழாய்க்குள் நின்ற சேற்றை உருவி எடுத்து நெடுகப் பிளந்து, தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்கள். மேட்டுக்கு வயிறு எரிந்தது. இந்த நாற்றம் பிடித்த சேற்றிடம் அப்படி என்ன இருக்கிறது?

திரும்பும் வழியில் மேட்டிலும் ஒருமுறை குழாயை இறக்கினார்கள். மேடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழாயைத் தூக்கியதும் மணல் முழுக்கச் சரிந்து கொட்டிவிட்டது.

"இதுல ஒண்ணும் நிக்காது சார்," என்றாள் அந்தப் பெண். "சேத்துல பாத்தீங்கல்ல, மூணு வெள்ளைக் கோடு. மூணு தடவை புயல்ல கடல் இந்த மேட்டை உடைச்சு, மணலை வாரிக்கிட்டு உள்ளே வந்திருக்கு."

அவர்கள் போனதும் மேடு சேற்றிடம் கேட்டது: "அந்த வெள்ளைக் கோடு என் மணல்தானே?"

"உன்னுடையதுதான். ஒவ்வொரு புயலிலும் என்மேல் வந்து விழுந்தாய். அப்படியே வைத்திருக்கிறேன்."

மேட்டுக்கு ஒரு புயல்கூட நினைவில் இல்லை. அதுதான் இன்னும் கசந்தது.

சாயங்காலம் கடற்காற்று எழுந்தபோது, மேடு தன் உச்சியிலிருந்து ஒரு பிடி மணலைச் சேற்றின் பக்கம் போகவிட்டது.

"இதையும் வைத்துக்கொள்," என்றது. "அடுத்த தடவை அவர்கள் வந்தால், இது யாருடையது என்று மறக்காமல் சொல்."