பாறைக்குக் கீழே அத்தான்

"என்னால ஆகாதும்மா. அண்ணாந்து பார்த்தாலே தலை சுத்துது" என்றார் அத்தான், குடை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டு.

அவருடைய மச்சினியான வக்கீலுக்கு எரிச்சலாக வந்தது. கோர்ட்டுக்கு லீவு போட்டு, கடலும் பாறையும் ஒட்டி நிற்கிற இந்த இடத்தைத் தேடிப் பிடித்ததே அக்காவுக்காகத்தான்.

அக்கா பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கயிறும் கையுமாகப் பாறையைத் தேடிக் கிளம்பிவிடுவாள். அத்தான் கீழே நின்று கயிறு பிடிப்பார். அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் அக்கா சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. பாறைப் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

ஒரு தடவை ஏறிவிட்டால் போதும், பழைய அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்பது தங்கையின் கணக்கு. அந்தக் கணக்கில் மண்ணைப் போடுவதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

"நீங்க ஏற வேண்டாம் அத்தான். அக்காவை விடுங்க."

"அவ மேல போறதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும். அப்புறம் என்னை யார் பிடிக்கிறது?"

அக்கா மணலில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ போய் ஏறு. நான் இவர்கூட இருக்கேன்."

வந்ததிலிருந்து இதே பாட்டுதான். நேற்று காலையில் அத்தானுக்கு வயிறு சரியில்லை. சாயங்காலம் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தலைசுற்றல். பாறை ஏற வந்த கூட்டத்தில் யாரோ அவருக்குக் 'குடைச்சாமி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேருக்கு அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ரோஷம் வேண்டாமா மனுஷனுக்கு?

வக்கீல் தன் பங்குக்கு ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து பாயில் சாய்ந்தாள். பின்னாலேயே வந்த ஒருவர், "என்ன குடைச்சாமி, இன்னைக்கும் தரிசனம் கீழேதானா?" என்றார்.

"கீழேயிருந்து கைதட்ட ஒரு ஆள் வேண்டாமா?" என்றார் அத்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை.

"பயமா இருந்தா இருக்கட்டும் அத்தான், அது தப்பில்லை. ஆனா உங்க பயத்தை எடுத்து அக்கா கால்ல கட்டறீங்களே, அது நியாயமா?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அத்தான் முகத்தில் மட்டும் அது மிச்சமிருந்தது. "நியாயம் இல்லைதான். என்ன பண்றது, பயமா இருக்கே."

அக்கா தலை நிமிர்ந்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து மணலைத் தட்டிவிட்டு, பாறையடியில் கயிறு பிடித்து நின்ற பயிற்சியாளரிடம் போனாள். "எனக்குக் கயிறு கட்டுங்க."

அத்தான் எழுந்து பின்னாலேயே ஓடினார். "இந்தா, உனக்கே தோணினா மட்டும் போ. யாரோ சொன்னாங்கன்னு போகாதே."

"எனக்கேதான் தோணுது."

பாதிப் பாறை வரைக்கும் கை கால் தானாகப் போயிற்று. அதற்கு மேல் அக்கா நின்றுவிட்டாள். உடைந்து கூடின கால் கிடுகிடுவென்று நடுங்குவது கீழே வரைக்கும் தெரிந்தது. வக்கீல் பாயை விட்டு எழுந்தாள். நாமே பிடித்துத் தள்ளிவிட்டோமோ?

"கயிறு இறுக்கமா இருக்கு மேடம். வேண்டாம்னா இறக்கிடறேன்" என்றார் பயிற்சியாளர்.

அக்கா பாறையோடு ஒட்டிக்கொண்டாள்.

"தலைக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கற கல்லுக்குப் பின்னால இடது கையை விடு" என்றார் அத்தான். குரலில் துளி நடுக்கம் இல்லை. "உள்ளே ஒரு பள்ளம் இருக்கு. நல்லா பிடி கிடைக்கும். அவசரமில்லை, மெதுவா."

அக்காவின் கை துழாவியது. அகப்பட்டது. அப்புறம் அவள் நிற்கவே இல்லை. உச்சியில் போய் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டாள். வக்கீலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

இறங்கி வந்ததும் அக்காவும் தங்கையும் முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்கள். அலை வந்து வந்து மோதிற்று.

"பார்த்தியா? அவரை விட்டுட்டுக் கிளம்பினதும் பயம் போயிடுச்சு."

"யாருக்குப் போச்சு? கையைத் தொட்டுப் பாரு."

ஜில்லென்று இருந்தது. இன்னும் நடுங்கிற்று.

வக்கீலுக்கு ஒன்று உறுத்தியது. "அக்கா, அந்தப் பள்ளம் கீழேயிருந்து தெரியாது. நான் ஏறினப்ப எனக்கே அகப்படலை. அத்தானுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இன்னைக்கு விடியறப்ப, நாம தூங்கறோம்னு நினைச்சுக்கிட்டு, பயிற்சியாளரைக் கூட்டிட்டுப் போய் உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்தார். ஒருவேளை நான் ஏறினா எங்கே வழுக்கும், எங்கே பிடி இருக்குன்னு பார்க்கத்தான் இருக்கும். ரூம் ஜன்னல் வழியா பார்த்தேன்."

"அப்போ அந்தத் தலைசுத்தல்?"

"அது என்னுது. வெளியில சொல்ல எனக்கு வெட்கம். அதான் அவர் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டார்."

"பயம் போகாமத்தான் ஏறினியா? ஏன்க்கா?"

அக்கா கரையைப் பார்த்தாள். அத்தான் குடைக்கடியில் யாருடைய கேலிக்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாறை பயமாத்தான் இருந்தது. ஆனா என் பயத்துக்காக அவர் உன்கிட்ட திட்டு வாங்கறதைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கறதை விட, ஏறறது சுலபமா இருந்தது."