கோல்பியின் தொப்பி

வயோமிங் காற்றில் சீமைப்புல் படுத்துக் கிடக்கிறது. என் மனைவி டார்லாவும் புழுதியில் குப்புறப் படுத்து, தொலைவில் தொங்கும் இரும்புத் தகட்டைச் சுட்டுப் பழகுகிறாள். நாளைய சுடும் போட்டிக்கு எந்தத் துப்பாக்கி என்று அவள் இன்னும் சொல்லவில்லை. குண்டுக்குக் குண்டு தாழ்ப்பாள் போன்ற போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய என் போல்ட் துப்பாக்கி பக்கத்தில் என் பாயில் கிடக்கிறது. அவள் தோளில் இருப்பதோ பக்கத்துப் பண்ணைக்காரன் கோல்பி இரவல் தந்த செமி ஆட்டோமேட்டிக். விசையை அழுத்தினால் அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்கிறது. சூடான பித்தளைக் கூடு வலப்பக்கம் தெறிக்கிறது. திரும்ப வெடிமருந்து அடைக்க உதவும் அந்தக் கூடுகளைப் பிடிக்கத்தான் கோல்பி அங்கே மண்டியிட்டுத் தொப்பியை ஏந்தியிருக்கிறான். "இன்னொண்ணு விடு டார்லா, கீழ விழாம பிடிக்கிறேன்!" அவள் சிரிப்பில் தோள் குலுங்க, குண்டு தகட்டைத் தாண்டிப் போகிறது. "போல்ட எடுத்துக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்கிறேன். "நீயும் உன் போல்டும்! ரெண்டும் தள்ளிவிட்டாத்தான் நகரும்" என்கிறாள். கோல்பியும் சிரிக்கிறான். நான் என் பாயில் படுத்துச் சுடுகிறேன். தகட்டின் நட்டநடுவில் கணீரென்கிறது. அவள் திரும்பவில்லை. போல்டை இழுக்கிறேன், வெற்றுக் கூடு என் முழங்கையருகே புழுதியில் விழுகிறது. நானே பொறுக்கிக்கொள்கிறேன்.