அப்டேட்டுக்குப் பின் ஓர் இருமல்

நகோயாவில் ஒரு ஞாயிறு மதியம் குவபாரா தன் ஆம்பிளிஃபயருக்குப் புது அப்டேட் போட்டார். பல வருடமாகக் கேட்டுவந்த பியானோப் பதிவில் முதல் தடவையாக யாரோ இருமுவது கேட்டது.

"பாத்தியா தெளிவ! அரங்கத்துல எவனோ இருமினதுகூடக் கேக்குது" என்று மனைவி ஷிசுயேயிடம் பீற்றிக்கொண்டார்.

"அது ஸ்டுடியோவுல ஒத்த ஆளா வாசிச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ இந்த அப்டேட்லதான் ஏதோ கோளாறு" என்று முனகியபடி பழைய மென்பொருளுக்கே மாற்றினார்.

பியானோ பழையபடி மந்தமாகிவிட்டது. இருமல் மட்டும் அதே தெளிவோடு கேட்டது.

ஷிசுயே எழுந்துபோய் விருந்தாளிகளுக்கான கோப்பையில் தேநீர் ஊற்றிவந்து, ஆளில்லாத நாற்காலியின் முன் வைத்தாள்.

"சூடா குடிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும்" என்றாள்.

இருமல் நின்றது.