தராசில் ஏறிய நாள்

"இன்னும் ஒரு அகப்பை வைக்கட்டே? நல்லெண்ணெய் விட்டுக் கிண்டினது" என்று கேட்டாள் சுகந்தினி.

தயாபரன் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டான். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தராசில் ஏற வேண்டிய நாள். அன்றைக்கென்று பார்த்துக் காலையிலேயே உழுந்துக்களி. இந்த மனுசியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

"இண்டைக்கு நிறை பாப்பினம் எண்டு உனக்குத் தெரியும்தானே சுகந்தி?"

"தெரியும். அதுக்காக வெறும் வயித்தோடை பஸ் ஏறுறதே? கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. மனுசனுக்குச் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ எண்டு சனம் என்னைத்தான் கேக்குது."

மாதக்கணக்காக வீட்டில் இதே கதைதான். "இந்த உடம்போடை உங்களை மேசையிலை ஏத்தேலாது. சீனியும் எல்லையிலை நிக்குது. நிறையைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ, ஒப்பரேசனுக்குத் திகதி தாறன். சுணங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று டொக்டர் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று தொட்டு வெறும் தேத்தண்ணி, கீரை, கைப்பிடி சிவப்பரிசிச் சோறு என்று வாயைக் கட்டினான்.

அன்று தொட்டுத்தான் சுகந்தினிக்கும் கைப்பக்குவம் கூடியது. ஒரு நாள் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். மறுநாள் பால்ரொட்டி. வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். குசினியில் இருந்து வரும் வாசத்துக்குப் பயந்தே அவன் பின்னேரங்களில் நடக்கப் புறப்பட்டான்.

அந்த நடையாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. மல்லாவி றோட்டில் ஒருவன் சும்மா நடந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. போகிற மோட்டார்சைக்கிள் எல்லாம் நிற்கும்.

"என்ன தம்பி, சைக்கிள் காத்துப் போட்டுதே? ஏறும், இறக்கி விடுறன்" என்று ஒரு நாள் அப்புத்துரை அண்ணை விடாப்பிடியாக நின்றார்.

மனிதரின் மனம் நோகக் கூடாதென்று தயாபரன் ஏறினான். வீட்டு வாசலில் இறங்கினான். அவர் தலை மறைந்ததும் திரும்ப முதலில் இருந்து நடந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் செருப்பைக் கழற்றினான். பெல்ட், கைத்தொலைபேசி, திறப்புக் கோர்வை எல்லாவற்றையும் சுகந்தினியின் மடியில் போட்டான். சட்டைப் பொத்தானிலும் கை வைத்துவிட்டான்.

"அண்ணை, சேட்டோடையே ஏறலாம்" என்றாள் நேர்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஏறினான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இன்றைக்கும் இல்லை என்றால் இன்னும் எத்தனை மாதம் இழுபடுவது? அதுவரைக்கும் உடம்பு தாங்குமா?

டொக்டர் அம்மா இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரன். நிறை நல்லாக் குறைஞ்சிட்டுது. சீனி இல்லை, பிறஷர் இல்லை. அடுத்த மாதமே ஒப்பரேசனை வைப்பம்."

அப்பாடா என்றிருந்தது தயாபரனுக்கு. நெஞ்சுக்குள் கிடந்த பாரம் முழுக்க இறங்கிவிட்டது. கோயில் குளம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, சந்தோசத்தில் அந்தத் தராசையே கும்பிடலாம் போல இருந்தது. சிரித்துக்கொண்டு திரும்பினான்.

சுகந்தினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நல்ல செய்தி சொல்லேக்கை ஏனம்மா அழுறியள்?" என்று டொக்டர் அம்மா கேட்டார்.

"அவரை வெட்ட வேண்டாம் டொக்டர். நிறை குறையாட்டி நீங்களே அவரைத் திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டுதான், இவ்வளவு நாளும் களியும் இறைச்சியுமாக் காய்ச்சிக் குடுத்தனான். அந்த மனுசன் வாயிலை வைச்சால்தானே."

டொக்டர் அம்மா எழுந்து வந்து அவளுடைய தோளைத் தொட்டார்.

"அவருக்கு ஒரு கிட்னி போதும் அம்மா. மற்றதைத் தந்து உங்களைக் காப்பாத்த வேணும் எண்டுதான் அந்த மனுசன் இவ்வளவு நாளும் பட்டினி கிடந்தவர்."